வாங்கிப் பாடுகிறவர்கள்

பஜனைக்குப் போய்விட்டு வந்தவரிடம் "பாட்டு எப்படி?" என்று கேட்டால், பாகவதரைப் பற்றித்தான் சொல்வார். கனமான சாரீரம், காம்போதியில் நல்ல பிடி, நாமாவளியில் சுறுசுறுப்பு. எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அவர் கேட்டுவிட்டு வந்த பாட்டில் பாதி பாகவதருடையது அல்ல. பாகவதர் ஓர் அடியை எடுத்துக்கொடுத்தார். அதை வாங்கித் திருப்பிப் பாடியவர்கள் எதிரிலும் பக்கத்திலும் தூணோரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அழைப்பிதழில் இருந்திருக்காது. பஜனை என்ற கலையின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மனிதர்கள் ஏன் கூடிப் பாடுகிறார்கள், அதனால் உள்ளுக்குள் என்ன நேர்கிறது என்று கேட்பவர்கள் அவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

தென்னாட்டு பஜனை சம்பிரதாயம் மூன்று பேரைத் தன் குருமார்களாக வணங்குகிறது. கோவிந்தபுரத்தில் சமாதி கொண்ட போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர அய்யாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள். மூன்று ஊர்களும் கும்பகோணத்தைச் சுற்றியே இருக்கின்றன. காஞ்சி காமகோடி பீடத்தின் குருபரம்பரையில் 59ஆவது ஆசாரியராகச் சொல்லப்படும் போதேந்திரர், நாமத்தின் மகிமையை நூல்களில் வாதிட்டு நிறுவினார். தஞ்சை மன்னர் சகஜி 1693இல் புலவர்களுக்கு மானியமாகக் கொடுத்த திருவிசநல்லூரில் வாழ்ந்த அய்யாவாள், அதை வாழ்ந்து காட்டினார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த சத்குரு சுவாமிகள், எதற்குப் பிறகு எதைப் பாடுவது என்று பத்ததி வகுத்தார். இன்று சென்னையிலும் பாலக்காட்டிலும் மும்பையிலும் நடக்கிற பஜனை, ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகளோடு, அந்த ஒழுங்கில்தான் போகிறது. தோடய மங்களம், குரு கீர்த்தனை, அஷ்டபதி, தரங்கம், பல மகான்களின் கீர்த்தனங்கள், பூஜை, திவ்யநாமம், டோலோத்ஸவம், மறுநாள் காலை உஞ்சவிருத்தி, ராதா கல்யாணம், கடைசியில் ஆஞ்சநேய உத்ஸவம்.

கச்சேரியில் பாடகர் சபையைப் பார்த்து உட்காருவார். பஜனையில் சுவாமி படத்திலிருந்து தொடங்கி இரண்டு வரிசைகள் எதிரெதிரே உட்காரும். பாடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் மிருதங்கம், ஹார்மோனியம், இரண்டு மூன்று ஜோடி ஜால்ரா. இந்த அமைப்பில் கேட்பவர் என்று தனியாக ஒருவருக்கு இடமே வைக்கவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவரும் கால் மணி நேரத்தில் எதிர் வரிசைக்காரரின் வாயசைவைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கிவிடுவார்.

தோடய மங்களம் நாட்டையில் எழும்பும். பல நூறு முறை பாடிப் பழகியதால் அங்கே எடுத்துக்கொடுப்பவரும் வாங்குபவரும் அநேகமாக ஒன்றாகவே போவார்கள். வாங்கிப் பாடுகிற கோஷ்டியின் தேர்ச்சியை அதில் கணிக்க முடியாது. கணிக்க வேண்டுமானால் அஷ்டபதி வரை காத்திருக்க வேண்டும். ஜயதேவரின் 19ஆம் அஷ்டபதியைத் தெற்கே முகாரியில் பாடுவது வழக்கம். முகாரி எளிய ராகமல்ல. ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது வேறொரு தைவதம். சங்கீதம் படிக்கிற மாணவர்கள் தடுமாறுகிற இடம் அது. பாகவதர் பல்லவியைப் பாடுகிறார். முதல் முறை கோஷ்டி சற்று மங்கலாக வாங்குகிறது. இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது குரல்கள் நெருங்கி வருகின்றன. நாலாவது முறை, ஸ்வரத்தின் பெயரே தெரியாத நாற்பது ஐம்பது பேர் இரண்டு தைவதங்களையும் அதனதன் இடத்தில் வைக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் சொல்லவில்லை. பாகவதர் திரும்பத் திரும்பப் பாடினார், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அவ்வளவுதான். அஷ்டபதியில் ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு பல்லவி திரும்பி வருகிற கட்டமைப்பே கோஷ்டிக்காக அமைந்ததுபோல் இருக்கிறது. சரணத்தின் நீண்ட சமஸ்கிருதம் தெரியாதவருக்கும் பல்லவியில் ஓர் இடம் உறுதியாக இருக்கிறது.

நன்றாக வாங்குவதில் நுட்பங்கள் உண்டு. முதலாவது, எதை விட்டுவிடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பாகவதர் ஒரு பிருகாவைப் போட்டு அடியை முடித்திருப்பார். கோஷ்டி அதையும் பிடிக்க முயன்றால் குழம்பிப்போகும். மெட்டின் எலும்பை மட்டும் வாங்கி, அசைவுகளை அவரிடமே விட்டுவிட வேண்டும். இரண்டாவது, எடுப்பு. தாளத்தில் அரை இடம் தள்ளித் தொடங்குகிற பாட்டில், அத்தனை பேரும் அந்த அரை இடத்தைக் காத்திருந்து சேர்ந்து விழ வேண்டும். பாகவதரின் கார்வை முழுதாக ஓய்வதற்கு ஒரு கணம் முன்னாலேயே மறுமொழி எழுந்துவிட்டால் பாட்டு எங்கும் தொய்யாது. மூன்றாவதுதான் கடினம். பக்கத்தில் இருப்பவர் குரல் காதில் விழுகிற அளவுக்குத்தான் தன் குரலை விட வேண்டும். தன் குரல் மட்டுமே தனக்குக் கேட்கிறது என்றால் அவர் கோஷ்டியில் இல்லை, தனியாகக் கச்சேரி செய்துகொண்டிருக்கிறார்.

இந்தக் கூட்டுக்குரலின் நாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள். ஆண் பாகவதர் வைத்த சுருதியில் பெண்கள் சிலர் தணிந்து பாடுவார்கள், சிலர் மேல் ஸ்தாயிக்குப் போய்விடுவார்கள். ஒருவர் இம்மி பின்னால் வருவார், ஒருவர் சுருதிக்கு நூலிழை கீழே நிற்பார். தேர்ந்த பாடகர் ஒருவரின் குரலில் இதெல்லாம் பிழை. ஐம்பது குரல்களில் இந்தச் சிறு விலகல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எந்தத் தனிக்குரலுக்கும் கிடைக்காத ஒரு பருமனை உண்டாக்குகின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாவற்றையும் திருத்திச் சீராக்கினால் இந்த நாதம் செத்துவிடும். கரகரத்த குரலுக்கும் இங்கே வேலை இருக்கிறது.

கரகரத்த குரலுக்கு ஏன் இடம் என்பதற்கு சாஸ்திரமும் ஒரு விடை வைத்திருக்கிறது. போதேந்திரர் தன் நூல்களில் வலியுறுத்தியது இதுதான்: நாமத்துக்குத் தன்னளவிலேயே சக்தி உண்டு. சொல்பவரின் தகுதியையோ, பொருள் தெரிந்து சொல்கிறாரா என்பதையோ அது பார்ப்பதில்லை. பாகவதத்தின் அஜாமிளன் கதைதான் இந்த வாதத்துக்கு ஆதாரம். சாகும் தறுவாயில் அவன் கூப்பிட்டது தன் பிள்ளை நாராயணனை. அந்தக் கூப்பாடே அவனைக் காப்பாற்றியது. குரல்வளம் இல்லாதவர், ராகம் தெரியாதவர், நேற்றுவரை கோயில் பக்கமே வராதவர் என்று யாரையும் ஒதுக்க முடியாத ஒரு கலைக்கு இதைவிட உறுதியான அடித்தளம் கிடைக்காது.

அதே பாகவதத்தில் பிரகலாதன் பக்தியை ஒன்பதாக வகுக்கிறான். முதலில் கேட்டல், அடுத்து பாடுதல். இந்த வரிசையைக் கோஷ்டியில் உட்கார்ந்தபோதுதான் நான் புரிந்துகொண்டேன். தனியாகப் பாடுகிறவருக்குப் பாடுவது மட்டுமே வாய்க்கிறது. சபையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது மட்டும். வாங்கிப் பாடுகிறவர் ஓர் அடி கேட்கிறார், ஓர் அடி பாடுகிறார், மறுபடி கேட்கிறார். இரவு முழுதும் இந்த இரண்டும் மாறி மாறி நடக்கின்றன. அவர் பாடுவது எதுவும் அவராகத் தொடங்கியது அல்ல. எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, எந்தக் காலம், எப்போது நிறுத்துவது, எதையும் அவர் தீர்மானிப்பதில்லை. நாள் முழுதும் தீர்மானித்துக்கொண்டே இருக்கிற மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! நான் என்ற எண்ணத்தை உதறு என்று உபதேசிப்பவர்கள் ஏராளம். எப்படி உதறுவது என்பதற்கு இவ்வளவு எளிய பயிற்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை. இதில் குரலை அடக்கச் சொல்வதும் இல்லை. வாயைத் திறந்து, தொண்டை நிறையப் பாடச் சொல்கிறார்கள். கேட்ட பிறகு பாடு என்பது ஒன்றே நிபந்தனை.

கோவிந்தபுரத்தைப் பற்றி வழங்கும் கதையும் காதைப் பற்றியதே. போதேந்திரர் காவிரி மணலில் அமர்ந்து சித்தியடைந்தார். காலப்போக்கில் ஆற்று வெள்ளமும் மணலும் மூடி அந்த இடம் மறைந்துபோயிற்று. பிற்காலத்தில் அதைத் தேடி வந்த சத்குரு சுவாமிகள் மணலில் நடந்தும் படுத்தும் காதை வைத்துக் கேட்டார். ஓரிடத்தில் மண்ணுக்குள்ளிருந்து ராமநாமம் கேட்டது. அதுதான் சமாதி என்று கண்டு, சரபோஜி மன்னரின் உதவியோடு ஆற்றை ஒதுக்கி அதிஷ்டானம் எழுப்பினார் என்று சொல்வார்கள். முன்னவர் ஓயாமல் சொன்னதைப் பின்னவர் காதால் வாங்கினார். பஜனைப் பத்ததியை வகுத்தவரைப் பற்றி இப்படி ஒரு கதை வழங்குவது மிகப் பொருத்தம்.

மூச்சின் கணக்கும் இதில் இருக்கிறது. தனியாகப் பாடும்போது மூச்சு முட்டினால் பாட்டு நின்றுவிடும். கோஷ்டியில் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் ஏற்பாடு செய்யாமலே நாதம் அறுபடாமல் போகிறது. பன்னிரண்டு மணி நேரம், இருபத்துநான்கு மணி நேரம் என்று நடக்கிற அகண்ட நாமம் இந்த வசதியின் மேல்தான் நிற்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு இதன் அருமை தெரியும். வீட்டில் ஒரு சாவு நடந்து சில மாதம் கழித்து பஜனைக்கு வந்தவர், பிரிந்தவருக்குப் பிடித்த பாட்டு வரும்போது தொண்டை அடைத்து நிறுத்திவிடுவார். பாட்டு நிற்காது. பக்கத்திலிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். இரண்டு அடி கழித்து அவர் மீண்டும் சேர்ந்துகொள்ள, அவருக்கான இடம் அப்படியே இருக்கும். ஆறுதல் வார்த்தை எதுவும் இவ்வளவு நாசூக்காக ஒருவரைத் தாங்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சியாளர்களும் இந்த மூச்சுக் கணக்கைத் தொட்டிருக்கிறார்கள். ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃப் குழுவினர் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து 2013இல் வெளியிட்டார்கள். பாட்டின் அடிகள் மூச்சை ஒழுங்குபடுத்த, மூச்சோடு சேர்ந்து இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் பாடுகிறவர்களிடையே ஒத்துப்போனது தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் 2015இல் வந்த இன்னோர் ஆய்வு, பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களைவிட விரைவாக நெருக்கம் கொண்டதைக் காட்டியது. மாதங்கள் கடந்த பிறகு எல்லா வகுப்பினரும் ஒரே அளவு நெருங்கியிருந்தார்கள். பாட்டு அந்த முதல் தயக்கத்தைச் சீக்கிரம் உடைத்துவிட்டது. ஆன்மிகத்துக்கு இது நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. உடம்பு இந்த அனுபவத்துக்கு எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

பஜனையில் மொழி ஒரு தடையாக இல்லாமல் போவதும் வாங்கிப் பாடுவதன் பயனே. ஒரே இரவில் சமஸ்கிருதத்தில் ஜயதேவரும் நாராயண தீர்த்தரும் சதாசிவ பிரம்மேந்திரரும் வருவார்கள். தெலுங்கில் அன்னமாசார்யர், பத்ராசல ராமதாஸர், தியாகராஜர். கன்னடத்தில் புரந்தரதாஸர். தமிழில் கோபாலகிருஷ்ண பாரதி. மராத்தியில் துக்காராமின் அபங்கம். தஞ்சையை மராட்டியர் 1676 முதல் ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆண்டதால் வந்த கொடை இந்த அபங்கங்கள். விட்டலனைப் பாடிக்கொண்டு ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரத்துக்கு நடக்கிற வார்க்கரிகளின் பாட்டு, காவிரிக் கரையில் மராத்தி தெரியாத வாய்களில் புகுந்துவிட்டது. புத்தகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்றால் இது நடந்திருக்காது. காதால் வாங்கி வாயால் கொடுக்கிற வழக்கம் இருந்ததால் ஐந்து மொழிகள் ஒரு கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்தன.

கூட்டம் சேர்ப்பதே வழிபாட்டின் பகுதி என்பது தமிழுக்கு மிகப் பழைய எண்ணம். ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரம். அதில் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை, பத்துப் பாசுரங்கள், வீடு வீடாகப் போய்த் தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன. மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபதில் முதல் எட்டும் அப்படியே. தூங்குகிறவளை விட்டுவிட்டு நாம் மட்டும் போவோம் என்ற எண்ணம் அந்தப் பெண்களுக்கு வரவில்லை. கடவுளிடம் போவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

மார்கழி பஜனை அந்தக் கதவுதட்டலின் தொடர்ச்சிதான். பாபநாசம் சிவன் 1930இல் சென்னைக்கு வந்த பிறகு, பல பத்தாண்டுகள் மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி விடியலில் பாடிக்கொண்டு நடந்தார். சினிமாவிலும் கச்சேரி மேடையிலும் புகழ்பெற்ற சாகித்யகர்த்தா, தெருவில் எடுத்துக்கொடுக்க, கூட வந்தவர்கள் வாங்கிப் பாடினார்கள். இளமையில் திருவனந்தபுரத்தில் நீலகண்ட சிவனின் பஜனைகளில் பின்னால் நின்று பாடியவர் அவர். முதலில் வாங்கக் கற்றுக்கொண்டதால்தான் பிறகு கொடுக்க வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். மதுரையில் நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிர மொழியில் பாடிய கீர்த்தனங்களை அந்தச் சமூகத்தார் இன்றும் கூடிப் பாடுகிறார்கள். சென்னையிலும் வட மாவட்டங்களிலும் 'பஜனை கோயில் தெரு' என்று பெயர் கொண்ட தெருக்கள் எத்தனை! ஓலைக் கொட்டகையோ ஓட்டுக் கட்டடமோ, ஒரு ராமர் படம், ஒரு ஜோடி ஜால்ரா, விடிந்தால் பொங்கல். சாஸ்திர ஞானமோ ராக ஞானமோ இல்லாத தெருக்காரர்கள் கூடிப் பாடிய இடங்கள் அவை.

பஜனையின் உச்சம் எனக்கு திவ்யநாமம். நடுவில் குத்துவிளக்கை ஏற்றி வைத்து, அதுவரை உட்கார்ந்து பாடியவர்கள் எழுந்து அதைச் சுற்றி வருகிறார்கள். வரிசை வட்டமாகிவிடுகிறது. வட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. வங்கி அதிகாரி, சமையல்காரர், பள்ளிக்கூடப் பையன், எழுபது வயதுப் பாட்டி எல்லோரும் ஒரே அடவில் கால் வைக்கிறார்கள். பிறகு ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்குவார்கள். பெரியவர் சின்னவர் காலிலும் விழுவார். சிகாகோ பல்கலைக்கழக மானிடவியலாளர் மில்டன் சிங்கர் சென்னையின் ராதாகிருஷ்ண பஜனைகளைப் பற்றி 1960களில் எழுதியபோது, இந்தப் பரஸ்பர வணக்கம் அவரை மிகவும் ஈர்த்தது. அந்தக் கூடங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிராமணர்கள் என்பதையும் அவர் பதிவுசெய்தார். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பசித்து வந்த ஒருவருக்கு, சிராத்தத்துக்குச் சமைத்த உணவை எடுத்துக் கொடுத்ததற்காக ஊர் அய்யாவாளை விலக்கி வைத்தது என்று சொல்லி, அதன் பிறகு அவர் வீட்டுக் கிணற்றில் கங்கை பொங்கியதாகக் கார்த்திகை அமாவாசை தோறும் கொண்டாடுகிறோம். அந்தக் கதையைக் கொண்டாடுகிறவர்கள் வட்டத்தை இன்னும் எவ்வளவோ அகலமாக்கியிருக்க வேண்டும். நாமத்துக்குத் தகுதி பார்க்கத் தெரியாது என்றால் நாம சங்கீர்த்தனக் கூடத்துக்கும் அது தெரியக்கூடாது.

இன்று எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பஜனை மேடை ஏறிவிட்டது. பாகவதர் கையில் மைக், பின்னால் நாலு பேர் கையிலும் மைக், இரண்டு பக்கமும் பெரிய ஒலிபெருக்கி. எதிரில் ஆயிரம் பேர் நாற்காலியில் உட்கார்ந்து தாளத்துக்குக் கை தட்டுகிறார்கள். அவர்கள் வாயைத் திறந்து பாடினாலும் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. கேட்காததால் இரண்டு அடியில் நிறுத்திவிடுகிறார்கள். நாமாவளியை மேல்காலத்துக்குக் கொண்டுபோவதில் ஒரு போட்டியே நடக்கிறது. வேகம் கூடக் கூட வாங்குபவர்களுக்கு மூச்சு கிடைப்பதில்லை. திறமைசாலிகளான இளம் பாகவதர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் கூட்டத்தின் குரல் பாகவதரின் காதுக்குத் திரும்பி வராத இடத்தில் நடப்பது கச்சேரி. அது நல்ல கச்சேரியாகவே இருக்கலாம். நாமாவளிகளை மட்டும் பாடுவதால் அது பஜனையாகிவிடாது.

பரிகாரம் கஷ்டமானதல்ல. ஐம்பது பேர் இருக்கும் கூடத்துக்கு ஒலிபெருக்கி வேண்டாம். பாகவதர் ஓர் அடியைப் பாடிவிட்டுத் தன் குரலை முழுதாக நிறுத்திக் கூட்டத்தைக் கேட்க வேண்டும். புதுப் பாட்டு என்றால் அவசரப்படாமல் மூன்று முறை எடுத்துக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளை விளக்குக்கு அருகில் உட்காரவைக்க வேண்டும், பாட்டு தெரிந்த பெரியவர்களுக்கு நடுவில். இந்தச் சம்பிரதாயம் அப்படித்தான் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொன்றுக்கு வந்தது.

மனிதன் ஏன் கூடிப் பாடுகிறான் என்பதற்கு என்னால் சொல்ல முடிந்த விடை இது. தனியாக அவன் தொட முடியாத ஒரு ஸ்வரத்தைப் பக்கத்தில் இருப்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டு தொட்டுவிடுகிறான். தன்னால் நீட்டிக்க முடியாத ஒரு கார்வையைப் பிறர் மூச்சில் நீட்டிக்கிறான். அந்த நேரத்தில் தன் எல்லை எதுவரை என்பது அவனுக்கு நிச்சயமில்லாமல் போகிறது. பெரியவர்கள் கடவுள் என்று சொன்னதற்கு மிக அருகில் இருக்கிற அனுபவம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அடுத்த மார்கழியில் உங்கள் தெருவில் பஜனை வந்தால் ஜன்னலோரம் நின்று ரசிக்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கடைசி வரிசையில் சேர்ந்து நடங்கள். பாட்டு தெரியாதே என்று தயங்க வேண்டாம். முதல் அடியைக் கேளுங்கள், இரண்டாவது முறை வாங்கிப் பாடுங்கள்.